பிரெஞ்சு வாயில் வரமாட்டேன் என்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம்

நாகர்கோவிலில் ஒரு வீட்டு மாடியில், சாயங்காலம் ஏழெட்டுப் பேருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். நர்ஸிங் முடித்துவிட்டுக் கனடாவுக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பவர்கள் பாதி. மீதியில் கன்னியாகுமரி ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் நிற்கும் தம்பி, குளச்சலில் மீன் வியாபாரக் கணக்கு எழுதும் அண்ணாச்சி, அப்புறம் பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு, ஒரு காபி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாத இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் கோளாறு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: பிரெஞ்சுக்கு நாம் இங்கிலீஷ் வழியாகப் போகிறோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போக மதுரையைச் சுற்றுகிற மாதிரி. வாயில் ஏற்கெனவே கிடக்கிற தமிழை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அதற்கு முன்னால் எழுத்தைப் பற்றி இரண்டு வரி. (ன்) என்று அடைப்புக்குள் இருப்பதை நாக்கால் சொல்லாதீர்கள், மூக்குக்கு அனுப்புங்கள். ஃஸ என்று எழுதியிருந்தால் அது தேனீயின் ரீங்காரம் போல அதிர்கிற ஸ. மற்றபடி, தமிழ் எழுத்தில் பிரெஞ்சு எழுதுவதே பாதிப் பொய். ஏன் என்பது முதல் அறிகுறியிலேயே தெரியும்.

முதலில் ஒரு சோதனை

போனின் கீபோர்டில் பிரெஞ்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்கை அழுத்தி, ஒரே ஒரு சொல்லைச் சொல்லி, திரையில் என்ன விழுகிறது என்று பாருங்கள். முழு வாக்கியமாகச் சொல்லக் கூடாது; அது முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து உங்கள் தப்பை மறைத்துவிடும். தனிச்சொல்லுக்கு அது முகதாட்சண்யம் பார்க்காது. ஒரு சொல்லை ஐந்து தடவை சொல்லி, மூன்று தடவையாவது சரியாக விழுந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

மீன் என்று சொன்னேன், விஷம் என்று விழுந்தது

நம் குளச்சல் அண்ணாச்சிக்கு நடந்தது இது. மீனுக்குப் பிரெஞ்சில் புவாஸோ(ன்). அவர் சொன்னார், திரையில் விழுந்தது புவாஃஸோ(ன்). விஷம்! மறுபடி சொன்னார். இப்போது பானம் என்று விழுந்தது. அதுவும் புவாஸோ(ன்)தான், ஆனால் முதல் எழுத்து ‘பஸ்’ஸில் வருகிற ப. மீன், விஷம், பானம் மூன்றையும் தமிழில் எழுதிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணிலேயே படாது. நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். இங்கே நான் எழுதுவது வழிகாட்டிப் பலகை மட்டும்.

காரணம் இதுதான். தமிழில் ப ஒரே எழுத்து, ஆனால் இரண்டு விதமாக ஒலிக்கும். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப-வில் தொண்டை அதிராது. ம்-முக்குப் பிறகு வரும் ப தொண்டையை அதிரவைக்கும். ‘தந்தம்’, ‘கங்கு’ இரண்டிலும் இதே கதைதான். இரண்டு ஒலியும் நம் வாயில் பிறவியிலேயே இருக்கின்றன. எது எங்கே வரும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்வதில்லை, இடம் முடிவு செய்கிறது. பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக முடிவு செய்கிறது.

சரிசெய்ய: இரண்டு விரலைத் தொண்டையில் வையுங்கள். ‘பம்பரம்’ சொல்லுங்கள். பிறகு ‘ம்ப’ என்று ஆரம்பியுங்கள். ம்-மை நீட்டி, ப-வை விடுங்கள். பத்துத் தடவை ஆனதும் ம்-மைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு ப-வை விடுங்கள். விரலுக்கடியில் அதிர்வு தெரிந்தால் வந்துவிட்டது. ‘ந்த’, ‘ங்க’ இரண்டுக்கும் இதே வழி. பயிற்சிக்கு நல்ல ஜோடி ‘கார்’. கங்குவின் முதல் க-வில் ஆரம்பித்தால் பிரெஞ்சில் அது தொலைதூரப் பேருந்து. இரண்டாவது க-வில் ஆரம்பித்தால் ரயில் நிலையம். இது மாறினால் கோட்டாறு ரயில் நிலையத்துக்குப் போக வேண்டிய ஆள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. ‘இன்னும்’ என்பதற்கு ஆ(ன்)கோர். நம் வாய் மூக்கொலியைக் கேட்டதுமே சங்கில் வரும் க-வைப் போட்டுவிடும், பழக்கதோஷம். அங்கே அக்காவில் வரும் க்க வேண்டும். ஆ(ன்), ஒரு நூல் இடைவெளி, பிறகு க்கோர். திருப்தியாக இருக்கிறேன் என்பதற்கான கோ(ன்)தா(ன்) என்ற சொல்லிலும் நடுவில் வருவது தாத்தாவின் த்த, தந்தத்தின் ந்த இல்லை.

ஸ, ஃஸ இரண்டில் பின்னது தமிழில் இல்லவே இல்லை, அதனால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பாம்பு மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டுங்கள். நாக்கை அசைக்காமல் தொண்டையை மட்டும் முடுக்கிவிடுங்கள், தேனீ ஆகிவிடும். பாம்பு, தேனீ, பாம்பு, தேனீ என்று ஒரே மூச்சில் மாற்றுங்கள். வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. எழுத்தில் அடையாளம் சுலபம்: இரண்டு உயிருக்கு நடுவில் எஸ் ஒன்று மட்டும் இருந்தால் தேனீ, இரண்டு இருந்தால் பாம்பு. விஷத்துக்கு ஒரு எஸ், மீனுக்கு இரண்டு.

எல்லாச் சொல்லிலும் ‘ட’ கேட்கிறது

இது முழுக்க இங்கிலீஷ் கொடுத்த சீக்கு. மேசைக்குப் பிரெஞ்சிலும் இங்கிலீஷின் அதே எழுத்துகள்தான். பார்த்ததும் ‘டேபிள்’ என்று நாக்கு மேலே மடங்கிவிடுகிறது. பிரெஞ்சில் அது தாப்ல், பல்லில் நாக்கு படும் நம் தாத்தாவின் த. பிரெஞ்சில் ‘ட’ என்று ஒன்று கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ‘பாரி’ (பாரிஸ் நகரம்தான்) என்று சொல்லுங்கள். கையில் காற்று ஊதினால் அது இங்கிலீஷ் ப. ‘அப்பா’ சொன்னால் ஊதாது. பிரெஞ்சுக்கு அப்பாதான் வேண்டும். லண்டன்காரர் மாதக்கணக்கில் கஷ்டப்பட்டு விடுகிற பழக்கம் நமக்கு ஆரம்பத்திலிருந்தே கிடையாது. இங்கிலீஷ் வகுப்பில் கற்றுக்கொண்டு வந்ததை இறக்கி வைத்தால் போதும்.

மூக்கொலி வரவில்லை, ‘ன்’ என்று முட்டுகிறது

பிரெஞ்சு என்றதும் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். எனக்கென்னவோ நமக்கு இதுதான் எளிது. ‘நான் பாத்தேன் அந்தப் படம்’ என்று வீட்டில் பேசுகிற மாதிரி, அவசரமில்லாமல் சொல்லுங்கள். எழுத்தில் ன், ம் இருக்கிறது. வாயில்? ‘நா(ன்)’ சொல்லும்போது நாக்கு மேலே தொடுவதே இல்லை. ‘பாத்தே(ன்)’ முடிவில் ஏ மூக்கு வழியாகக் கரைந்து போகிறது. ‘பட(ம்)’ முடிவில் உதடு மூடுவதற்கு முன்னாலேயே சத்தம் முடிந்துவிடுகிறது, ஓ-வும் மூக்கும் கலந்த ஒன்றாக. பிரெஞ்சின் மூன்று முக்கிய மூக்குயிர்களும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

சரிசெய்ய: நா(ன்) என்பதில் ந-வை எடுத்துவிட்டு வ போடுங்கள்: வா(ன்), காற்று. பாத்தே(ன்) முடிவில் வ போடுங்கள்: வே(ன்), திராட்சை மது; எண் 20-க்கும் அதே சத்தம். பட(ம்) முடிவில் வ போட்டால் வோ(ன்), ‘அவர்கள் போகிறார்கள்’. வா(ன்), வே(ன்), வோ(ன்) மூன்றையும் போனில் சோதியுங்கள். கண்ணாடியில் வாயையும் பாருங்கள். சொல் முடிந்த பிறகும் வாய் திறந்தே இருக்க வேண்டும். நாக்கு எழுந்து அண்ணத்தைத் தொட்டால் நீங்கள் எழுத்தை வாசிக்கிறீர்கள், பேசவில்லை.

என் வகுப்பில் இதில் அதிகம் தடுமாறுகிறவர்கள் மேடைப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள். ன், ம் எல்லாவற்றையும் அட்சர சுத்தமாக முடித்துப் பழகிய வாய். அவர்களிடம், சந்தையில் பேசுகிற மாதிரிப் பேசுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

மேலே என்றால் கீழே என்று புரிந்துகொள்கிறார்கள்

நர்ஸிங் பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை. ‘மேலே’ என்பதும் ‘கீழே’ என்பதும் பிரெஞ்சில் ஏறக்குறைய ‘தெஸூ’தான். ‘கீழே’வில் நம் சாதாரண ஊ. ‘மேலே’வில் தமிழில் இல்லாத ஒரு உயிர்.

அதைச் செய்யும் முறை: ‘ஈ’ என்று சொல்லி நிறுத்தாமல் நீட்டுங்கள். நாக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். உதட்டை மட்டும் இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரிக் குவியுங்கள். உள்ளே ஈ, வெளியே ஊ. அவ்வளவுதான். பாதியில் நாக்கு பின்னால் ஓடிவிட்டால் வெறும் ஊ ஆகிவிடும். அப்போது மறுபடி ஈ-யிலிருந்து ஆரம்பியுங்கள். இதே வித்தையை ‘ஏ’க்குச் செய்தால் எண் 2-க்கான சொல்லின் உயிர் கிடைத்துவிடும்.

தொண்டை ‘ர’ வரவில்லை

இதற்காக ஒரு வாரத்தைக் கூடச் செலவழிக்காதீர்கள். நம் ர-வைப் போட்டாலும் புரியும். பிரான்ஸிலேயே நாக்கு நுனி ர பேசிய நாட்டுப்புறங்கள் உண்டு. ஆசை இருந்தால், வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்துக் கொப்பளியுங்கள். தொண்டை அடியில் எங்கே அதிர்கிறதோ அதுதான் இடம். பிறகு தண்ணீர் இல்லாமல் அதே இடத்தை லேசாக உரசவிடுங்கள்.

திருவிதாங்கோட்டிலிருந்து வரும் ஒரு பிள்ளை முதல் நாளே கச்சிதமாகச் சொன்னாள். எப்படி என்று கேட்டால், “சார், இது எங்க ‘கைன்’ மாதிரியாக்கும்” என்றாள். சின்ன வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்றபோது பழகிய அரபு எழுத்து. உண்மைதான், இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அன்றிலிருந்து அந்த ஒலிக்கு அவள்தான் ஆசிரியை.

ர-வை விடப் பெரிய ஆபத்து ‘ழ’. ‘நான்’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முதல் ஒலியைப் பல இங்கிலீஷ் வழிகாட்டிகள் இசட்-எச் என்று குறிக்கின்றன. தமிழன் கண்ணுக்கு இசட்-எச் என்றால் ழ. நானே மூன்று வாரம் ‘ழெ, ழெ’ என்று சொல்லித் திரிந்தேன், ஒரு புதுச்சேரிக்காரர் காதைப் பொத்திக்கொள்ளும் வரைக்கும். அது ‘ஷ’வைத் தொண்டை அதிரச் சொல்வது. நான் இங்கே ‘ஜெ’ என்று எழுதுகிறேன்; ஆனால் ஜன்னலில் வருவது போல முட்டித் திறக்கிற ஜ இல்லை, வழுக்கிக்கொண்டு வருகிற ஜ.

எழுதியதை எல்லாம் வாசிக்கிறேன், யாருக்கும் புரியவில்லை

மார்க் வாங்கிய பிள்ளைகளின் நோய். தமிழில் எழுதியதை எல்லாம் வாசிக்கலாம், பிரெஞ்சில் கடைசி மெய்யைப் பெரும்பாலும் விழுங்க வேண்டும். சி, ஆர், எஃப், எல் என்ற நாலு எழுத்து கடைசியில் வந்தால் பொதுவாகச் சொல்லலாம், மற்றவை ஊமை. (ஈ-ஆர் என்று முடியும் வினைச்சொற்களில் அந்த ஆர்-உம் ஊமை.) ‘பேசு’ என்ற வினை நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் எழுத்தில் விதவிதமாக மாறும், காதில் எல்லாம் ஒரே ‘பார்ல்’தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த அட்டவணை பேச்சில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. இதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஓ-ஐ, ஓ-ஒய் என்று எழுதியிருந்தால் ‘வா’. இதற்கு உள்ளூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவராகி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமான டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாய். அந்தப் பெயரின் கடைசி இரண்டு எழுத்து ஓ-ஒய். பிரெஞ்சு வாசிப்பில் அது ‘லானுவா’. பிரான்ஸின் வடக்கே அதே பெயரில் ஒரு ஊர் உண்டு, அதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். டிலனாய் கல்லறையைப் பார்த்த யாரும் இந்த விதியை மறக்கவில்லை.

சொல் எங்கே முடிகிறது என்றே வெளங்கல்ல

வேகம்தான் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் புணர்ச்சிதான் காரணம், பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தில் படித்த அதே புணர்ச்சி. வீடு, இல்லை என்பவை சேர்ந்தால் உகரம் ஓடிப்போய் ‘வீடில்லை’ ஆகிறது. லெ, ஆமி (நண்பன்) சேர்ந்தால் லெ-யின் உயிர் ஓடிப்போய் ‘லாமி’. பால், ஆடை சேர்ந்து ‘பாலாடை’ ஆவது போல இல், ஆ சேர்ந்து ‘இலா’. நண்பர்கள் என்னும்போது ‘லே ஆமி’ இல்லை, நடுவில் ஊமையாகக் கிடந்த எஸ் எழுந்து வந்து ‘லேஃஸாமி’. மணி அடித்தது என்பதில் யகரம் எழுந்து வருகிறதே, அந்த மாதிரிச் சங்கதி.

சேரக் கூடாத இடங்களும் உண்டு. ‘வீரர்கள்’ என்பதற்கு ‘லே ஏரோ’ என்று பிரித்தே சொல்ல வேண்டும். சேர்த்தால் ‘லேஃஸேரோ’, அது பூஜ்யங்கள்.

சரிசெய்ய: தனிச்சொல் பட்டியல் படிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று சொல்லைக் கட்டாகவே கேட்டுக் கட்டாகவே சொல்லுங்கள். பேச்சில் தேய்ந்துபோனவற்றையும் காதுக்குக் காட்டுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பது புத்தகத்தில் ஜெ ந ஸே பா. தெருவில் ‘ஷே பா’. நாம் மட்டும் என்ன, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றா சொல்கிறோம்?

‘நான் பசி’ என்று சொல்லிவிட்டேன்

இங்கிலீஷ் சுற்றுவழியின் கேடு இதில்தான் அப்பட்டமாகத் தெரியும். பசிக்கிறது என்று சொல்ல, மனசுக்குள் இங்கிலீஷ் வாக்கியத்தை ஓட்டி ‘நான் இருக்கிறேன்’ என்கிற ‘ஜெ சுயி’யைப் போட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சில் ‘என்னிடம் பசி இருக்கிறது’: ஜே ஃபே(ன்). தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? நான் பசி என்றா? ‘எனக்குப்’ பசிக்கிறது.

அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். உடம்பு, வயது, பயம், தேவை பற்றித் தமிழில் ‘எனக்கு’ வந்தால் பிரெஞ்சில் ‘ஜே’ போடுங்கள். எனக்கு 20 வயது: ஜே வே(ன்)தா(ன்). எனக்குத் தாகமாக இருக்கிறது: ஜே சுவாஃப். எனக்குக் குளிர்கிறது: ஜே ஃப்ருவா. எனக்குத் தலை வலிக்கிறது: ஜே மால் ஆ லா தெத். எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது, எனக்கு இது தேவை, எல்லாம் ஜே. ‘எனக்குப் புழுக்கமாக இருக்கிறது’ என்பதற்கு ஜே ஷோ. இதில் தவறி ‘ஜெ சுயி’ போட்டால் பொருள் விவகாரமாகிவிடும், கேட்கிறவர் சிரிப்பார். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

குறுக்குவழிக்கு எல்லையும் உண்டு. எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும், இந்த மூன்றும் ஜே-க்குள் வராது: ஜெ ஸே, ஜெ கோ(ன்)ப்ரா(ன்), ஜெம். மூன்றுதானே, தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியாகப் போனாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘நான் நர்ஸ்’ என்று வினையே இல்லாமல் நாம் சொல்லிவிடுவோம். பிரெஞ்சில் நடுவில் சுயி கட்டாயம்: ஜெ சுயி ஏ(ன்)ஃபீர்மியேர். ஆனால் இங்கிலீஷ் மாதிரி ‘ஒரு நர்ஸ்’ என்று ஒன்றைச் சேர்க்கக் கூடாது. சுயி வேண்டும், ‘ஒரு’ வேண்டாம்.

மேசை எப்படிப் பெண் ஆகும்?

ஆகும். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், உயர்திணை அஃறிணை நியாயம் இங்கே எடுபடாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் லெ (ஆண்) அல்லது லா (பெண்) சேர்த்தே வாயில் போடுங்கள், தனியாக ஒருபோதும் வேண்டாம். சில முடிவுகள் உதவும்: எழுத்தில் டி-ஐ-ஓ-என் என்று முடிந்தால் கிட்டத்தட்ட எப்போதும் பெண், எம்-ஈ-என்-டி என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண். கடல் எதுவென்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லா மேர், பெண். அம்மாவுக்கும் பிரெஞ்சில் லா மேர்தான், எழுத்து வேறு, சத்தம் ஒன்றே. இதைச் சொன்னதும் குளச்சல் அண்ணாச்சி, “கடலம்மைன்னுதானே நாங்க சொல்லுவோம்” என்றார், ஏதோ பிரெஞ்சுக்காரன் இவரிடம் கேட்டுத்தான் பெயர் வைத்தது போல.

70-க்கு மேல் எண் சொன்னால் தலை சுற்றுகிறது

70 என்பது அறுபது-பத்து. 80 என்பது நாலு இருபது. 97 என்றால் நாலு இருபது-பதினேழு. (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கும் 90-க்கும் ஒழுங்கான தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்.) இதைப் பார்த்துச் சிரிக்கும் முன், 90-க்கு நாம் நூறு என்ற சொல்லை உள்ளே வைத்துத் ‘தொண்ணூறு’ என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் சொல்வதில் இல்லை, கேட்பதில். பிரான்ஸில் போன் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். ‘சுவாசா(ன்)த்’ என்று காதில் விழுந்ததும் கை 6 எழுதிவிடும். அடுத்து ‘கே(ன்)ஃஸ்’ வரும். 6-ஐ அடித்து 75 எழுதுவதற்குள் அடுத்த ஜோடி போய்விட்டிருக்கும். ஆகவே சுவாசா(ன்)த், காத்ர் வே(ன்) இரண்டையும் கேட்டால் பேனாவைத் தூக்கிவிடுங்கள். மீதியும் வந்த பிறகு எழுதுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிப் பிழையைக் குறைக்கும்.

பயிற்சிக்கு நம் மாவட்டத்தை மிஞ்ச வேறு இடமில்லை. நாகர்கோவில் வண்டிக்கு டிஎன் 74, மார்த்தாண்டம் வண்டிக்கு டிஎன் 75. பிரெஞ்சில் எந்த இடம் கோணலோ சரியாக அங்கே வந்து விழுந்திருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் பைக்கைப் பார்த்துச் ‘சுவாசா(ன்)த் காத்தோர்ஃஸ்’, அடுத்ததற்குச் ‘சுவாசா(ன்)த் கே(ன்)ஃஸ்’ என்று முணுமுணுங்கள். பாரிஸின் மாவட்ட எண்ணும் 75 என்பதை மார்த்தாண்டத்துப் பிள்ளைகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்வார்கள். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தின் நீளம் 77 மீட்டர்: சுவாசா(ன்)த் தீஸெத். சிலை 133 அடி: ஸா(ன்) த்ரா(ன்)த் த்ருவா. சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்போகும் ஆள் என்றால் இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

எல்லாம் தெரியும், ஆள் முன்னால் வந்தால் வாய் பூட்டிக்கொள்கிறது

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வெப்ராளம், அதாவது பதற்றம். இலக்கணம் போதவில்லை என்று நினைத்து மறுபடி புத்தகத்தைத் திறப்பார்கள். அது மருந்தே இல்லை. வாய்க்குப் பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். ‘இலியா’ என்றால் ‘இருக்கிறது’. கண்ணில் படுவதை எல்லாம் அதோடு கோத்து உதட்டளவில் சொல்லிக்கொண்டே போங்கள். இலியா ஏ(ன்) போ(ன்), ஒரு பாலம் இருக்கிறது. மழை பிடித்தால் இல் ப்லெ. சொல் தெரியாவிட்டால் அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடியுங்கள், நிறுத்தக் கூடாது. ‘ஜெ மா(ன்)ஜ் மரச்சீனி’ (மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுகிறேன்) என்பதில் ஒரு குற்றமும் இல்லை. வீட்டுக்கு வந்து, விட்டுப்போன சொற்களில் மூன்றை மட்டும் அகராதியில் பாருங்கள். நாலாவது நாளுக்குக் காத்திருக்கட்டும்.

அப்புறம், சிக்கினால் தப்பிக்க மூன்று கயிறு. ‘பார்தோ(ன்)?’, என்ன சொன்னீர்கள். ‘ப்லு லா(ன்)த்மா(ன்), சில் வூ ப்லே’, கொஞ்சம் பையப் பேசுங்கள். ‘கோமா(ன்) ஓ(ன்) தீ...’, இதை எப்படிச் சொல்வது. இவற்றை யோசிக்காமல் வரும் அளவுக்கு அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பையப் பேசச் சொல்வது அவமானம் இல்லை. ஏ1 என்கிற ஆரம்ப நிலையின் வரையறையே, எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசி உதவத் தயாராக இருந்தால் எளிமையாக உரையாட முடியும் என்பதுதான். டெல்ஃப் (பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்) ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதி 5 முதல் 7 நிமிடம், தயாராக 10 நிமிடம் தருவார்கள். உங்களைப் பற்றிக் கேட்பார்கள், நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டும், பிறகு கடையிலோ ஹோட்டலிலோ பேசுவது போல ஒரு சிறு நடிப்பு. நான்கு பகுதிக்கும் தலா 25 மார்க், மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி; ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. எழுத்தில் அள்ளிவிட்டுப் பேச்சில் ஊமையாக உட்கார்ந்தால் மொத்தமும் போச்சு.

நான் பிரெஞ்சில் கேட்டால் அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள்

ஹோட்டல் தம்பியின் மனக்குறை இது. உச்சரிப்புதான் மோசம் என்று நினைத்து நொந்துபோயிருந்தான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். விருந்தாளி வந்ததும் நேராகப் ‘பாஸ்போர், சில் வூ ப்லே’ என்று கேட்டிருக்கிறான். அங்கேதான் கோளாறு. பிரெஞ்சுக்காரர்களுக்குப் போ(ன்)ஜூர் (வணக்கம்) சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால், நம் வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்போடு நின்று ‘தண்ணி எங்கே’ என்று கேட்கிற மாதிரி. கடையில், பஸ்ஸில், எங்கேயும் முதலில் அதுதான். இருட்டின பிறகு போ(ன்)ஸுவார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிற்க வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்லும் வரை. நீ, நீங்கள் விஷயத்தில் நமக்குப் பாடமே வேண்டாம், தெரியாதவருக்கு எப்போதும் வூ.

மறுநாள் காலை ஒரு அம்மா இறங்கி வந்தார். “போ(ன்)ஜூர், மதாம்.” நிறுத்தினான். அவர் திருப்பிச் சொன்னார், சிரித்தார், பிரெஞ்சிலேயே கேட்டார்: சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும்? கன்னியாகுமரி ஹோட்டலில் நிற்பவனிடம் இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது. “ஆ ஸீஃஸேர்” என்றான், ஆறு மணிக்கு, தேனீ ஒலி போட்டு ஒட்டிச் சொல்லி. அந்த அம்மாவுக்கு உற்சாகம் பிறந்து, மளமளவென்று பத்து வாக்கியம் கொட்டிவிட்டார். இவனுக்கு ஒன்றுகூட விளங்கவில்லை.

“ப்லு லா(ன்)த்மா(ன்), சில் வூ ப்லே.”

அவர் கைப்பையைக் கவுன்டரில் வைத்துவிட்டு, முதலிலிருந்து, பைய ஆரம்பித்தார்.